பதுளையில் விலைபோகாத கப்பல்

பழைய சாமான் வியாபாரத்தில் வாங்குகிற நாள் ஒன்றுதான் சந்தோஷமான நாள். அதற்கு அடுத்த நாளிலிருந்து விற்கிற நாள் வரைக்கும் நாம் கடைக்காரன் இல்லை, காவல்காரன்.

இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். உங்கள் வீட்டுப் பின்பக்கத்திலும் ஒன்று கிடக்கும். கால் உடைந்த பியானோ, எந்தக் குதிரைக்கும் பொருந்தாத சேணம், யாரும் குளிக்க விரும்பாத பீங்கான் தொட்டி. பெருநாளைக்கு வீடு கழுவும்போதெல்லாம், "இது இன்னும் போகலையா?" என்று பெண்சாதி கேட்பாள். அந்தக் கேள்விக்கு முழித்த அத்தனை பேருக்கும் என் ஸலாம். உங்களுக்காவது பியானோ. எனக்குக் கப்பல்.

ஆமாம், கப்பல்தான். அதுவும் பதுளையில். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டிய ஊரில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போகச் சிரிக்க அவ்வளவாக ஒன்றும் இல்லை.

பூட்டைத் திறக்காமல் வாங்கியது

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடங்களில் எங்கள் தொழிலுக்கு நல்ல காலம். மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமார் சீமைக்குக் கிளம்பினார்கள். கட்டில், அலுமாரி, கண்ணாடிச் சாமான் எல்லாம் மலையிலிருந்து என் கடைக்கு இறங்கி வந்தன. நாங்கள் பேசுவது மொத்தப் பேச்சு. பங்களாவில் உள்ளது முழுக்க ஒரே விலை. கைகொடுத்த பிறகு இது வேண்டாம், அது வேண்டாம் என்ற கதை கிடையாது. ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரையிடமும் அப்படித்தான் கைகொடுத்தேன். கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டோர் பூட்டியிருந்தது. "உள்ளே என்ன?" என்று பங்களாவில் சமையல் பார்த்த அப்புவிடம் கேட்டேன். "மரச்சாமான்தான் நானா" என்றான். மரச்சாமான் என்றால் மேசை, நாற்காலி என்று எவனும் நினைப்பான். நானும் நினைத்தேன். திறந்து பார்க்கிற பொறுமை என் உடம்பில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சாமான் ஏற்றப் போன அன்று பூட்டைத் திறந்தார்கள். ஸ்டோரின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பாய்க்கப்பல் ஒன்று மரத்தாங்கியில் நின்றது. பாய்மரத்தைக் கழற்றி மேலேயே நீட்டிக் கட்டியிருந்தார்கள். துரை கொழும்பில் யாரோ பாவித்ததை வாங்கி, மலைக்கு ஏற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே பலகை மாற்றி வர்ணம் பூசியிருக்கிறார். வேலையை விட்டதும் வீடே வேண்டாம், இதிலேயே குடியிருந்து கடல் கடலாகப் போய்க்கொண்டிருப்பதுதான் அவர் எண்ணம். உள்ளே படுக்கை, குசினி, கையால் பம்ப் அடிக்கிற கக்கூஸ் எல்லாம் இருந்தன. நடுவில் கொஞ்சம் உயர்த்தி, சுற்றிவரக் கண்ணாடி வைத்த ஓர் அறை. மழையில் நனையாமல் அதற்குள் இருந்தபடியே சுக்கானைத் திருப்பிக் கப்பலை ஓட்டலாம்.

அரசாங்கம் எடுத்த எடுப்பில் ஊருக்குப் போகச் சொன்னதால் அவருக்கு அதைக் கடலில் இறக்க நேரமில்லை. கன்றுக்குட்டியைத் தட்டுகிற மாதிரி அதன் விலாவைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். நான் அப்புவின் பக்கம் திரும்பிக் கத்தினேன். அவன் அசையவில்லை. பலகையை விரலால் சுண்டிக் காட்டிச் சொன்னான்:

"மரந்தானே நானா, நான் என்ன பொய்யா சொன்னேன்?"

இறக்கம்

மரக்குற்றி ஏற்றுகிற நீள லொறியில் அதைக் கட்டி இறக்கினோம். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், வளைவு ஒவ்வொன்றும் முழங்கை மடக்கின மாதிரி இருக்கும். கப்பலின் மூக்கு ஒரு பக்கம் தேயிலை மலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், வால் மறுபக்கம் மண்திட்டில் இடிக்கும். லொறி முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம். நான் இறங்கி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தேன்.

ஒரு வளைவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிரையை விட்டு ரோட்டோரம் வந்துவிட்டார்கள். கங்காணி சத்தம் போட்டும் ஒருத்தி நகரவில்லை. பிறகு அவரே கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்தார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த ஒவ்வொரு லயத்திலும் இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன. யாருடைய முறை எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே ஒருத்தி லொறி டிரைவரிடம் கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள், ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை:

"நம்ம கப்பலு தலைமன்னார்ல நிக்கிதுன்னு சொன்னாங்க, இங்கயே வந்து ஏத்திக்கிட்டுப் போகுதா அண்ணே?"

பார்க்க வந்தவர்கள்

கடைக்குப் பின்னால் ஸ்டேசன் ரோட்டுப் பக்கம் எனக்கு வெறும் நிலமாக ஒரு வளவு இருந்தது. அங்கே பட்டர்புரூட் மரத்துக்குக் கீழே கப்பலை நிறுத்தினேன். அதற்குப் பிறகு என் வளவுக்கு வராதவன் பாவி. பள்ளிக்கூட மாஸ்டர் பிள்ளைகளைக் கூட்டி வந்து பாடம் நடத்தினார். எல்லவில் வெள்ளைக்காரர்களுக்குத் தேத்தண்ணிக் கடை போட நினைத்த ஒருவர் வந்தார், மலை உச்சிக்கு ஏற்றிக் கொடுத்தால் எடுக்கிறேன் என்றார். "நீ கடலை அங்கே ஏற்று, நான் கப்பலை ஏற்றுறேன்" என்று அனுப்பிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது, அதனால்தான் பாதி யாவாரம் கெட்டது என்று என் பெண்சாதி ராவியா சொல்வாள்.

பசறை பஸ் ஓட்டுகிற ஒருவர் மட்டும் உண்மையாகவே ஆசைப்பட்டார். கண்ணாடி அறைக்குள் ஏறி, சுக்கானைப் பிடித்து, இடமும் வலமுமாகத் திருப்பி, வாயாலேயே வளைவுக்கெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு பசறைப் பயணமே போய்வந்தார். காலால் கீழே துழாவினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். இறங்கிவந்து சாரத்தைத் தட்டிக்கொண்டு வருத்தத்தோடு சொன்னார்:

"எல்லாஞ் சரி நானா, பிரேக் இல்லாத சாமானுக்கு எங்க வீட்ல விட மாட்டாங்க."

அழுது அனுப்பப்பட்டவர்கள்

துரைமார் போய் முடிந்த பிறகு லயத்து ஆட்கள் போனார்கள். அவர்கள் சாமானும் என்னிடம்தான் வந்தது. அண்டா, குடம், அம்மி, குத்துவிளக்கு. துரை வீட்டுச் சாமானை வாங்கும்போது ஒரு குஷி இருக்கும். இது அப்படியில்லை. எவ்வளவு கொடுத்தாலும் களவெடுத்த மாதிரி இருக்கும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து சின்னையா, ராமாயி என்று ஒரு புருசன் பெண்சாதி வந்தார்கள். ஒரே மகள் கலியாணம் முடித்து முதலே இந்தியா போய்க் குன்னூர்ப் பக்கம் இருந்தாள். இவர்களுடைய முறை இப்போதுதான் வந்திருந்தது. சின்னையா வாய் திறந்து பேசாத மனுசன். ராமாயி பித்தளைக் குடத்தை மட்டும் கடைசி வரைக்கும் இடுப்பை விட்டு இறக்கவில்லை. பிறகு அவளே மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

போகிறவர்களுக்கு லயத்தில் ஒரு முறை உண்டு. வீட்டுக்கு வீடு கூப்பிட்டு ஆக்கிப் போடுவார்கள். கிளம்புகிற அன்று காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக்கூடப் போகாமல் பதுளை ஸ்டேசன் வரைக்கும் வருவார்கள். கோச்சி நகரும்போது எழும்புகிற ஒப்பாரி என் கடைக்குள் கேட்கும். அன்றைக்கு என்னால் ஒரு சாமானுக்கு விலை சொல்ல முடியாது. அவர்கள் இருவரையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலையில் கடையைத் திறக்கிறேன், படியில் இருவரும் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வடக்கில் சண்டை, தலைமன்னாரில் கப்பல் ஓட்டம் நின்றுவிட்டது. திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்களாம். எங்கே திரும்பிப் போவது? தோட்டத்தில் பேர் வெட்டியாகிவிட்டது. அவர்கள் இருந்த லயத்துக் காம்பராவில் வேறு குடும்பம். "லயத்தில் சொந்தக்காரர் இல்லையா, கொஞ்ச நாளைக்கு யாராவது இடம் தரமாட்டார்களா?" என்று கேட்டேன். ராமாயிதான் சொன்னாள்:

"செத்தவுங்களுக்கு அழுவுற மாதிரி அழுது அனுப்பி வச்சாங்க நானா. அழுது முடிச்ச எடத்துக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரும்பிப் போறது?"

ஆடுகிற அடுப்பு

நான் ஒன்றும் தர்மவான் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்: "பின்னால ஒரு கப்பல் சும்மா கிடக்கு. உங்க கப்பல் வர்ற வரைக்கும் அதில இருங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பின்னால் நின்ற ராவியா அந்தப் பித்தளைக் குடத்தை எடுத்து என் கையில் திணித்தாள். அதை ராமாயியிடம் கொடுத்து, "இது விலைபோகாத சாமான், கடையில இடம் பிடிக்குது, எடுத்துக்கிட்டுப் போ" என்று எரிந்து விழுந்தேன்.

அன்றைக்கே அவள் கப்பலில் பால் காய்ச்சினாள். புது வீட்டுக்குக் குடிபோனால் பால் பொங்க வேண்டுமாம். கப்பல் குசினியில் இருந்த மண்ணெண்ணெய் அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்குகிற அடுப்பு. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சட்டி சாயாது. அதை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்து, "இத செஞ்சவன் புள்ளகுட்டிக்காரனாத்தான் இருக்கணும்" என்றாள். சின்னையா என் வளவிலேயே சாமான் துடைக்கவும் லொறிக்கு ஏற்றவும் நின்றான். தேக்குப் பலகை மேல்தட்டை அவள் சாணம் போட்டு மெழுகிவைத்திருந்ததைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். துரை சுக்கான் பிடிக்க வைத்த சக்கரத்தில் அவளுடைய ரவிக்கை காய்ந்தது. ஆனால் கண்ணாடி ஒவ்வொன்றையும் தினமும் துடைப்பாள். துடைத்துவிட்டு அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். எதிரே தெரிவது என் கடையின் பின்சுவர்தான். அதில் என்ன பார்க்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

மேலே ஏறிப் போக ஓர் ஏணி. ஏறினால் பெட்டி மூடி மாதிரி ஒரு துவாரம். அதற்குள் காலை விட்டுச் செங்குத்தான படியில் இறங்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏணிக்கடியில், வெறும் மண்ணில் கோலம் போடுவாள். எதற்கு முன்னால் போடுகிறோம் என்று தெரியாத மாதிரி பாதியில் நிமிர்ந்து பார்ப்பாள். ஒருநாள் ராவியா, "எப்பிடிப் புள்ள, வீடு வசதியா?" என்று கேட்டதற்குச் சொன்னாள்:

"எல்லாம் இருக்குங்கக்கா, வாசல் ஒன்னுதான் இல்ல."

கடல் தெரிந்தவர்

இத்தனை வருடத்துக்குப் பிறகு உண்மையான கிராக்கி ஒன்று வந்தது. சிலாபத்துக்காரர், பெயர் சவிரிமுத்து. பெரிய கப்பல்களில் என்ஜின் அறையில் வேலை செய்து ஓய்ந்தவர். மனைவி இல்லை. வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். தரையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை, ஒரு படகில் குடியிருந்தே மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் மாதிரி சுக்கானிடம் ஓடவில்லை. அடிப்பலகையைக் கையால் தட்டிக் காது வைத்தார், பொருத்துகளில் நகத்தை விட்டுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "பலகை வாடியிருக்கு, தண்ணியில இறக்கினா ஊறிக்கும். நல்ல படகு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் சாமானை ஒருவன் நல்லது என்று சொல்லி நான் கேட்டதே அன்றுதான். விலை பேசி முடித்துக் கைகொடுத்தோம். பௌர்ணமிப் போயா லீவு கழிந்ததும் லொறியோடு வருகிறேன் என்று போனார்.

ராவியாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. "அந்தப் புள்ள எங்க போகும்?" என்றாள். அதை நான் நினைக்காமல் இல்லை. ராமாயிக்கு அப்போது மூச்சிழுப்பு முற்றியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இருதயம் பலவீனம், படி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். படி ஏறாமல் அவள் எப்படி வீட்டுக்குள் போவது? சின்னையா அவளை முதுகில் கட்டிக்கொண்டுதான் ஏணியில் ஏறினான். அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை.

ஊருக்குள் ஒரு அறைக்கு அலைந்தேன். "எந்த நாட்டு ஆட்கள்?" என்று கேட்டார்கள். "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார்கள். அறை ஒன்றும் அமையவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கப்பலுக்குள் இறங்கி, தொண்டையைச் செருமி, சவிரிமுத்து வருவதைச் சொன்னேன். சின்னையா, "சரிங்க மொதலாளி" என்றான். படுக்கையில் சாய்ந்திருந்த ராமாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அவரு இத கடலுக்குக் கொண்டு போவாரா நானா?" ஆமாம் என்றேன். அவள் சொன்னாள்:

"நல்லது நானா. இதாவது போய்ச் சேரட்டும்."

நிலை

போயாவுக்கு முதல் நாள் விடியற்காலை சின்னையா ஏணியடியில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. "அவ போயிட்டா மொதலாளி" என்றான். இன்னா லில்லாஹி என்று என் வாய் சொன்னது.

தோட்டத்துக்குச் சொல்லி அனுப்புவதா வேண்டாமா என்று நான் தடுமாறினேன். திரும்பிப் போக வெட்கப்பட்டவள் அவள். ஆனால் லொறி டிரைவர் கேட்காமலே போய்ச் சொல்லியிருக்கிறான். பஸ் பிடித்து வந்தார்கள், நடந்து வந்தார்கள், தப்பு மேளமும் வந்தது. ஸ்டேசனில் அழுத அதே பெண்கள் என் வளவில் கப்பலைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். "நாங்க இல்லையாடி உனக்கு, சொல்லாமக் கொள்ளாம இங்க வந்து கெடந்தியே" என்று ஒருத்தி பலகையில் கையால் அடித்து அடித்துக் கேட்டாள்.

பாடை கட்டி முடிந்தது. பிறகுதான் எல்லாரும் கப்பலை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தத் துவாரம் வழியாக ஓர் ஆள் வளைந்து நெளிந்து ஏறலாம், படுக்கவைத்த உடம்பை எடுக்க முடியாது. டிரைவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான், வேட்டியில் சுற்றிக் கயிறு கட்டி மேலே இழுத்து, பக்கவாட்டில் இறக்கிவிடலாம் என்று. சின்னையா எழும்பினான்.

"மூட்டையா எறக்கக் கூடாது மொதலாளி. அவ குடியிருந்த வீடு. வாசல் வழியா, காலு முன்னால வெளிய போகணும்."

"வாசலுக்கு நான் எங்கடா போவேன்? நாளன்னைக்கு அந்த மனுசன் லொறியோட வர்றான். ஓட்டை போட்ட கப்பலைக் கடல்ல விடுவானா?" என்று கத்தினேன். துக்க வீட்டில் கத்துகிற புத்தி எனக்குத்தான் வரும். வந்த நாளிலிருந்து அவன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, இந்த ஒன்றைத் தவிர. ஜன்னலில் ராவியா நின்றாள். எங்கள் வீட்டில் இறந்தவரின் ஜனாஸா எடுக்கும்போது வாசலில் கிடக்கிற செருப்பைக்கூட ஒதுக்கி வழிவிடுவோம். அது எனக்கு ஞாபகம் வந்தது. கடைக்குள் போய் மரம் அறுக்கிற வாளை எடுத்துவந்து, தோட்டத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரிடம் நீட்டினேன். "அறுங்க" என்றேன்.

பலகையை அறுத்தார்கள். விலா மரம் ஒன்றையும் அறுக்க வேண்டி வந்தது. வெறும் ஓட்டையாக விட மனம் வரவில்லை. இடித்த பங்களா ஒன்றிலிருந்து நான் வாங்கிவைத்த நிலையும் கதவும் என் ஸ்டோரில் சாய்ந்து கிடந்தன. நான்கு பேர் தூக்கிவந்து பொருத்தினார்கள். அப்போது பெண்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. புது நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்காமல் அதன் வழி போகக் கூடாது, சாவு வீட்டில் நிலைக்கு மஞ்சள் வைக்கவும் கூடாது. தப்புச் சத்தம் நின்றது. பலகையில் அடித்து அழுத அந்தப் பெண்ணே எழுந்து, "அவ வீட்டுக்கு இன்னைக்குத்தாண்டி வாசல் வச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் மஞ்சளைப் பூசினாள். யாரும் தடுக்கவில்லை.

கால் முன்னால் போக, ராமாயியை அந்த வாசல் வழியாக எடுத்தார்கள். கீழே தேயிலைப் பெட்டிகளைப் படியாக வைத்திருந்தோம். அந்த நிலை எந்தப் பங்களாவின் முன்வாசல் என்று சின்னையாவுக்குத் தெரிந்திருக்கிறது. பாடைக்குப் பின்னால் போகிறவன் ஒரு கணம் நின்று நிலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"இந்த வாசப்படிக்கு வெளிய கையக் கட்டிக்கிட்டு நின்னிருக்கேன் மொதலாளி, உள்ள போனதில்ல. அவ நடுவால போறா பாருங்க."

எந்தக் கரை

சொன்ன சொல் தவறாமல் சவிரிமுத்து வந்தார். நீள லொறி, கயிறு, மேலே மூடப் படங்கு, தாங்கிக்குப் போட மரக்கட்டை, எல்லாம் தயாராக. என்ன சொல்வது என்று நான் யோசித்துவைத்திருந்தேன். கைகொடுத்த பேச்சை நான் முறித்ததில்லை, அது எனக்குப் பெரிய அவமானம். ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. நேரே போய் அந்த வாசலுக்கு முன்னால் நின்றார். பங்களாக் கதவு திறந்திருந்தது. நிலையில் மஞ்சள் இன்னும் அழியாமல் இருந்தது. உள்ளே பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தது. நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அறுத்த பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தேயிலைப் பெட்டியில் கால் வைத்து உள்ளே போனார்.

சின்னையா அவருக்கு ஆடுகிற அடுப்பில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தான். தன் மூட்டையைக் கட்டிவைத்திருப்பதையும் சொன்னான். இப்போதே இறங்கிவிடுகிறேன் ஐயா என்றானாம். அவர் குடித்து முடித்து வெளியே என் பக்கத்தில் வந்து நின்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்க, உங்க படகைக் கெடுத்துட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். லொறி வெறுமையாகப் போகக் கூடாது என்று பாய்மரத்தை மட்டும் அவிழ்த்து ஏற்றச் சொன்னார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துகிறபோது சொன்னார்:

"ஓட்டையை அடைக்கலாம் மொதலாளி, நாலு பலகை போதும். உள்ள இருக்கிற அந்த மனுசனை நான் எந்தக் கரையில இறக்கிவிடுறது?"

வாங்கியதையெல்லாம் விற்றுத்தான் இத்தனை காலமும் பிழைத்தேன், ஆனால் வாசல் வைத்துக் கொடுத்துவிட்ட ஒரு சாமானைத் திரும்ப எப்படி விற்பது என்று மட்டும் இந்தத் தொழிலில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.